யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் அன்றிரவு: அமைதிப் படை வீரர்களை நினைவுகூர்வது ஏன் இத்தனை சிக்கல்?

2025 ஏப்ரலில் இலங்கை சென்ற பிரதமர் மோடி, கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் இருக்கும் இந்திய அமைதி காக்கும் படை நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். 2015 மார்ச்சிலும் அதே இடத்தில் அஞ்சலி செலுத்தியிருந்தார். இந்த மாதிரி படம் செய்தியில் வரும்போதெல்லாம், அந்தப் படை இலங்கையில் இருந்த 1987–90 காலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தியாவும் இலங்கையும் எப்போது சண்டை போட்டன? இந்திய ராணுவ வீரர்களுக்கு அங்கே எதற்கு நினைவிடம்?

இரண்டு நாடுகளும் சண்டை போடவில்லை. இலங்கை அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தமிழர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் போன இந்தியப் படை, தமிழ்ப் போராளிகளோடு போரிட்டு ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்தது. காயம்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். சுதந்திர இந்தியா வெளிநாட்டு மண்ணில் இவ்வளவு காலம் நடத்திய போர் வேறு இல்லை. அதன் முதல் பெரிய அடி, 1987 அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் விழுந்தது.

அந்த இரவை மையமாக வைத்துத்தான் இந்தக் கட்டுரை. அதைப் புரிந்துகொண்டால், அந்த வீரர்களின் நினைவு இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஏன் மூன்று விதமாக நிற்கிறது என்பதும் புரிந்துவிடும்.

அமைதிப் படை போர்ப் படையானது எப்படி?

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 48 மணி நேரத்தில் போர் நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் போராளி இயக்கங்கள் ஆயுதம் ஒப்படைப்பு, இலங்கை ராணுவம் முகாமுக்குள் திரும்புவது, வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து மாகாண சபை. இதெல்லாம் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இந்தியப் படை. ஜூலை 30 முதல் 54ஆம் காலாட்படை டிவிஷன், யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கும் பலாலி விமானத் தளத்தில் இறங்கியது. மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் அதன் தளபதி. ஒட்டுமொத்தப் பொறுப்பு லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங்கிடம் இருந்தது.

யாழ்ப்பாண மக்கள் பூப்போட்டு வரவேற்றார்கள். இதை மறந்துவிட்டுப் பேசினால் பின்னால் வந்த கசப்பின் ஆழம் தெரியாது.

பத்து வாரத்தில் எல்லாம் தலைகீழானது. அந்தக் கட்டங்களை வரிசையாகப் பார்த்துவிடுவது நல்லது:

1. ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையில்தான். ஆயுதத்தைக் கீழே போட வேண்டிய விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திட்டவர்கள் அல்ல. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பேசிய பிரபாகரன், ஒப்பந்தத்தை மனமுவந்து ஏற்கவில்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் கொஞ்சம் ஆயுதங்கள் அடையாளமாக ஒப்படைக்கப்பட்டன.

2. செப்டம்பர் 15 அன்று நல்லூரில் ஐந்து கோரிக்கைகளோடு புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதம் தொடங்கினார். சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் செப்டம்பர் 26 அன்று இறந்தார். இந்தியாவின் மேல் யாழ்ப்பாண மக்களுக்கு இருந்த நம்பிக்கை அந்தப் பன்னிரண்டு நாளில் கரைந்துபோனது.

3. அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகளைக் கடலில் பிடித்துப் பலாலியில் வைத்தது. அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக அரசு பிடிவாதம் பிடித்தது. அக்டோபர் 5 அன்று அவர்கள் சயனைடு கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள்.

4. அதன்பின் கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். புலிகளின் ஆயுதத்தைப் பலவந்தமாகப் பறிக்க டெல்லி உத்தரவிட்டது. 'ஆபரேஷன் பவன்' என்று அதற்குப் பெயர். பவன் என்றால் காற்று.

ஆக, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அந்தச் சிப்பாய்களின் வேலையே மாறிப்போனது. ஊரும் தெருவும் அதேதான். நேற்று வரை காவலுக்கு நின்ற வீதியில் இன்று சண்டைக்கு இறங்க வேண்டும். எதிரே நிற்பவர்களோ அந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

பதுங்கித் தாக்குதல் என்றால் என்ன?

சண்டையில் எதிர்பாராமல் அடிபடுவதெல்லாம் பதுங்கித் தாக்குதல் ஆகிவிடாது. ராணுவத்தில் அந்தச் சொல்லுக்குக் குறிப்பான பொருள் உண்டு. எதிரி எந்த வழியாக, எப்போது வருவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, மறைவான இடங்களில் ஆயுதங்களை நிறுத்தி வைத்து, அவன் நடுவில் வந்து மாட்டிய பிறகு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சுடுவது. இதற்கு மூன்று விஷயம் வேண்டும்: முன்தகவல், சுடுவதற்குத் தோதான மறைவிடம், உள்ளே வந்தவன் வெளியேற முடியாத இடம்.

சாதாரணமாக இது மலைப்பாதையிலோ காட்டுச் சாலையிலோ நடக்கும். வாகன வரிசையின் முன்னும் பின்னும் உள்ள வண்டிகளை முதலில் முடக்கிவிட்டு நடுவில் சிக்கியவர்களைச் சுடுவார்கள். ஹெலிகாப்டரில் இருந்து படையை இறக்கும்போதும் அதே ஆபத்து உண்டு. சாலை என்றால் நாலு வழி இருக்கலாம். ஹெலிகாப்டர் இறங்கத் திறந்த வெளி வேண்டும். ஊருக்குள் அப்படிப்பட்ட இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எந்த ஊருக்குப் படை வருகிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே இறங்கும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லிவிடும்.

திருநெல்வேலியில் அந்த இடம் பல்கலைக்கழக மைதானம். (இது யாழ்ப்பாண நகருக்கு வடக்கே இருக்கும் திருநெல்வேலி, பக்கத்திலேயே கொக்குவில்.)

அக்டோபர் 11–12 இரவு

திட்டம் காகிதத்தில் எளிமையாகவே இருந்தது. புலிகளின் தலைமை பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய பகுதியில் கூடியிருக்கிறது என்று உளவுத் தகவல். தரைவழியாகப் போனால் நாலு திசையிலும் கண்ணிவெடி. அதனால் வானத்திலிருந்து திடீரென்று இறங்கி, தலைவர்களை ஒரே இரவில் பிடித்துவிட்டால் போர் தொடங்கும்போதே முடிந்துவிடும். 10 பாரா கமாண்டோப் படையிலிருந்து 120 பேர் தேடிப் பிடிக்கும் வேலைக்கு. 13 சீக் லைட் இன்ஃபன்ட்ரி பட்டாலியனில் இருந்து 360 பேர் மைதானத்தையும் சுற்றுப்புறத்தையும் காக்கும் வேலைக்கு. பலாலியில் இருந்து எம்.ஐ.–8 ரக ஹெலிகாப்டர்கள் நாலு, திரும்பத் திரும்பப் பறந்து இத்தனை பேரையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வான்வழியில் சில நிமிடத் தூரம்தான்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு எம்.ஐ.–8 முழு ஆயுதத்தோடு இருபது பேர் அளவுக்கே ஏற்றும். நாலும் சேர்ந்தால் ஒரு நடைக்கு எண்பது பேர். 480 பேரை இறக்க ஆறு நடையாவது ஆகும். முதல் நடையில் எதிரியைத் திகைக்க வைக்கலாம். இரண்டாவது நடைக்கு அந்தத் திகைப்பு மிச்சமிருக்காது. ஆறாவது நடை வரை எதிரி சும்மா இருப்பான் என்று நம்பித்தான் இந்தத் திட்டம் போடப்பட்டிருந்தது.

எதிரிக்கோ முதல் நடையிலேயே திகைப்பு இல்லை. இந்தியப் படையின் வானொலித் தொடர்பைப் புலிகள் ஒட்டுக்கேட்டுத் திட்டத்தை முன்பே தெரிந்துகொண்டார்கள் என்பதே ராணுவத் தரப்பிலும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். மைதானத்தைச் சுற்றிய கட்டடங்களில் கனரக இயந்திரத் துப்பாக்கிகளோடு அவர்கள் காத்திருந்தார்கள்.

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வந்த ஹெலிகாப்டர்களில் இருந்து கமாண்டோக்கள் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சூடு தொடங்கியது. அடுத்தடுத்த நடைகளில் சூடு கடுமையானது. ஹெலிகாப்டர்களின் உடலில் துளை விழுந்தது. 120 கமாண்டோக்களில் 103 பேரும், 360 சீக்கியப் படையினரில் மேஜர் பிரேந்திர சிங்கின் தலைமையில் வெறும் 30 பேரும் இறங்கியிருந்த நிலையில், இனிப் பறந்தால் ஹெலிகாப்டரே விழுந்துவிடும் என்ற கட்டம் வந்தது. மீதி நடைகள் ரத்து செய்யப்பட்டன.

அந்த முப்பது பேரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இட்ட வேலை மைதானத்தைக் காப்பது. பின்னால் வரப்போகும் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அதுதான் வாசல். கமாண்டோக்கள் தேடுதலுக்காக வீடுகளின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இவர்கள் கோல்போஸ்ட் நிற்கிற வெட்டவெளியில். மறைந்துகொள்ள மரமில்லை, சுவரில்லை. சுற்றிலும் உயரமான கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் துப்பாக்கி. கையில் இருந்தது ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரில் தொடர்ந்து சுடும் ஏ.கே.–47. வானொலிக் கருவி வைத்திருந்தவர் ஆரம்பத்திலேயே சுடப்பட்டதால் பலாலியோடு தொடர்பு அறுந்தது. அடுத்த ஹெலிகாப்டர் வராது என்ற செய்தியைச் சொல்லக்கூட வழியில்லாமல் போனது.

விடிந்த பிறகும் சண்டை நடந்தது. முற்பகல் வரை தாக்குப்பிடித்தார்கள். குண்டு தீர்ந்ததும், மிஞ்சிய சிலர் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு பாய்ந்தார்கள். 29 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு சிப்பாய் உயிரோடு பிடிபட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்த மைதானத்தில் கடைசி மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை இந்தியத் தரப்பில் சொல்ல இருந்தவர் அவர் ஒருவர்தான்.

கமாண்டோக்கள் குறுகிய சந்துகளில், வீடுகளுக்குள் புகுந்து, சுற்றிவளைக்கப்பட்ட நிலையில் மறுநாள் வரை தாக்குப்பிடித்தார்கள். சாலைகளில் கண்ணிவெடி என்பதால், மேஜர் அனில் கௌல் தலைமையில் டி–72 டாங்கிகள் ரயில் தண்டவாளத்தின் வழியாக ஊருக்குள் வந்து அவர்களை மீட்டன. கமாண்டோக்களில் 6 பேர் இறந்திருந்தார்கள். தேடிப் போன தலைவர்களில் ஒருவரும் அகப்படவில்லை.

பிழை எங்கே?

35 பேரின் சாவுக்குக் காரணம் எதிரியின் திறமை மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனால், அது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அன்றைய திட்டத்திலேயே இருந்த பலவீனங்கள் இவை:

1. ரகசியம் காக்கப்படவில்லை. திடீர்த் தாக்குதலை மட்டுமே நம்பிய திட்டம் அது. திறந்த வானொலியில் பேசியதோடு அந்த ஒரே பலமும் போய்விட்டது.

2. ஒரே தரையிறங்கு இடம். அங்கே இறங்க முடியாமல் போனால் எங்கே இறங்குவது, இறங்கியவர்களை எப்படி வெளியே எடுப்பது என்பதற்கு மாற்று ஏற்பாடு கைவசம் இல்லை.

3. எதிரியைக் குறைத்து எடைபோட்டது. இதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன். புலிகளில் பலருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி கொடுத்தது இந்தியாதான். நம்மிடம் படித்த பையன்கள் நம்மை என்ன செய்துவிடுவார்கள் என்ற அலட்சியம், ஓரிரு நாளில் யாழ்ப்பாணத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையாக மேல்மட்டம் வரை பரவியிருந்தது. கடைசியில் நகரைப் பிடிக்க இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் மட்டும் 200க்கும் அதிகமான இந்திய வீரர்கள் இறந்தார்கள்.

4. அவசரம். அமைதி காக்க வந்த படையிடம் ஊருக்குள் சண்டையிடத் தேவையான வரைபடமோ, வீடு வீடாகப் போரிடும் பயிற்சியோ போதுமான அளவு இல்லை. அரசியல் முடிவு வந்த வேகத்துக்குப் படை தயாராகியிருக்கவில்லை.

இந்த நான்கில் எதுவும் மைதானத்தில் நின்ற சிப்பாயின் கையில் இல்லை.

அதே இரவு, அதே ஊர்

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

கமாண்டோக்கள் சிக்கியிருந்த, டாங்கிகள் வந்து மீட்ட அதே கொக்குவில் பகுதியில் பிரம்படி என்ற இடம் இருக்கிறது. அந்த இரவிலும் மறுநாளிலும் அங்கே பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஊரார் அதைப் பிரம்படிப் படுகொலை என்கிறார்கள். அங்கே நினைவுத்தூபி இருக்கிறது, அக்டோபரில் விளக்கேற்றுகிறார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள்: யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 3 மருத்துவர்கள் உட்படப் பணியாளர்கள் 21 பேரும், நோயாளிகள் பலரும் இறந்தார்கள். இரு தரப்புச் சண்டையின் நடுவில் சிக்கி இறந்தார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. வார்டுக்குள் படுத்திருந்தவர்களைச் சுட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். மருத்துவமனையில் அந்தப் பணியாளர்களின் படங்களுக்கு முன்னால் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 'இந்தியன் ஆமி' என்ற சொல்லை இன்று சொன்னாலும் ஒரு தலைமுறைக்கு முகம் மாறும். ஜூலையில் மாலை போட்ட அதே மக்கள்தான்.

புலிகளின் தரப்பிலும் அந்த மாதத்துக்கு ஒரு நாள் உண்டு. அக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்தியப் படையோடு நடந்த மோதலில் மாலதி இறந்தார். களத்தில் இறந்த முதல் பெண் போராளி என்று அவரை நினைவுகூர்கிறார்கள். ஆக 1987 அக்டோபர் 10, 12, 21 என்று பன்னிரண்டு நாளுக்குள், சைக்கிளில் ஒரே காலையில் சுற்றி வரக்கூடிய வட்டாரத்துக்குள், நாலு விதமான சாவு. நாலுக்கும் தனித்தனியாக அழுகிறார்கள்.

கந்தரோடை: பதுங்கித் தாக்குதலில் இறந்த தமிழ் அதிகாரி

மைதானத்துச் சண்டைக்கு ஆறு வாரம் கழித்து நடந்த இன்னொரு பதுங்கித் தாக்குதல்தான் இந்தியப் பொதுநினைவில் ஓரளவு இடம் பிடித்தது. மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் படித்து ராணுவத்துக்குப் போனவர். 8 மஹார் பட்டாலியனோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

1987 நவம்பர் 25. கந்தரோடைப் பக்கம் தேடுதல் முடிந்து இருட்டில் திரும்பி வரும்போது அவருடைய குழு மீது சூடு விழுந்தது. பதுங்கித் தாக்குதலில் மாட்டியவனுக்கு அடிப்படைப் பாடம் ஒன்று சொல்லித் தருவார்கள்: நின்ற இடத்திலேயே படுத்தால் சாவு நிச்சயம், சுடுகிறவனை நோக்கிப் போ. பரமேஸ்வரன் எதிரிகளின் பின்பக்கமாகச் சுற்றி வந்து பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவருடைய மார்பில் சுட்டார். அந்தத் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டுவிட்டு, உயிர் போகும் வரை தன் ஆட்களுக்குக் கட்டளை சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறது, போர்க்கள வீரத்துக்கு இந்தியா தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவுக்கான குறிப்பு. அப்போது அவருக்கு வயது 41.

இலங்கையில் போரிட்ட படையினரில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. சென்னை சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையை ஒட்டி ராணுவத்தினர் குடியிருப்பு ஒன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியபோது ஒரு தீவு அவருக்குப் போனது. ஆற்காடு சாலையில் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்? தமிழ்நாட்டில் போர் பற்றிய பேச்சில் கார்கில் வரும், கந்தரோடை வராது.

ஏன் இந்த மௌனம்?

1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர்கள் திருகோணமலையில் இருந்து கப்பலேறினார்கள். அவர்களைப் போகச் சொன்னது ஜெயவர்த்தனவுக்குப் பின் வந்த ஜனாதிபதி பிரேமதாச. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவருடைய வாதம். அன்றைக்குத் தமிழ்நாட்டில் அது பெரும்பாலானோரின் மனநிலையும்கூட. கப்பலில் இருந்து இறங்கிய சிப்பாய்க்கோ, எதற்காகப் போனோம், யாருக்காகச் செத்தோம் என்று சொல்ல எதிரில் யாருமே இல்லை.

மௌனம் நீடித்ததற்குக் காரணங்கள் பல.

1. வெற்றி நாள் என்று குறிக்க ஏதுமில்லை. 1971 போருக்கு டிசம்பர் 16, கார்கிலுக்கு ஜூலை 26. இலங்கையில் புலிகளின் ஆயுதமும் முழுதாகப் பறிக்கப்படவில்லை, தமிழர்களுக்கு உறுதியான தீர்வும் கிடைக்கவில்லை. அரசுகளுக்கு வெற்றியைக் கொண்டாடத் தெரிந்த அளவுக்குத் தோல்வியில் துக்கம் காக்கத் தெரியாது.

2. முடிவெடுத்த அரசு 1989 தேர்தலில் தோற்றது. புதிய அரசுக்கு அந்தப் போர் முந்தைய அரசின் தவறு. அதைப் பற்றிப் பேச யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

3. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இலங்கை என்று பேச்செடுத்தாலே அந்தக் கொலையில்தான் போய் நின்றது. அமைதிப் படைக் காலத்தில் இறந்த சிப்பாயும், பெரியாஸ்பத்திரியில் இறந்த செவிலியும் சேர்ந்தே அதன் நிழலில் மறைந்தார்கள்.

4. படையைப் புகழ்ந்தால் ஈழத் தமிழரைக் கொன்றதை நியாயப்படுத்துவதாகிவிடும். படுகொலையைப் பேசினால் நாட்டுக்காக இறந்தவரை இழிவுபடுத்துவதாகிவிடும் என்ற பயம். தமிழ்நாட்டில் இந்தப் பயம்தான் எல்லாவற்றையும்விடப் பலமாக வாயைக் கட்டியது.

கல்லில் ஏறிய பெயர்கள்

முதலில் பெயர்களைக் கல்லில் ஏற்றியது இலங்கை மண்தான். பலாலியில் எழுப்பப்பட்ட நினைவிடம் பின்னால் நடந்த போரில் சிதைந்து, பிறகு இலங்கை ராணுவத்தால் சீரமைக்கப்பட்டது. ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நினைவிடத்தை 2008இல் இலங்கை அரசு திறந்தது. கருங்கல் பலகைகளில் இறந்தவர்களின் பெயர்கள். அமைதிப் படையை வெளியேறச் சொன்ன நாடே அதைக் கட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். புலிகளோடு இறுதிப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க முடியவில்லை.

டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25. அதன் தியாக சக்கரத்தில் 1947க்குப் பின் இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள், ஒருவருக்கு ஒரு கல் என்று, செங்கல் அடுக்கியதுபோல வட்ட வட்டமாகச் சுவரில் ஏறியிருக்கின்றன. அமைதிப் படையினரின் பெயர்களும் அங்கே உண்டு. கல்லில் பெயரும் பதவியும் படைப்பிரிவும்தான் இருக்கும். எப்படி, எதனால் இறந்தார் என்ற கதைக்கு அங்கே இடமில்லை. முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பிறகாவது பெயர் வந்ததே என்பது குடும்பங்களுக்குச் சின்ன விஷயமில்லை. அமைதிப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொந்தமாகவே கூடி அஞ்சலி செலுத்தி வந்தவர்கள்.

இந்த இடத்தில் நம்ம ஊர் நடுகல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் பெயரோடு சாவின் காரணமும் வெட்டப்பட்டிருக்கும். யாருடைய ஆட்சியாண்டு, எந்த ஊரில் தொறு கொண்டபோது, யார் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். மந்தையைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு; மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. கல்லை நட்டவர்கள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதவில்லை. நடந்ததை மறைக்கவும் இல்லை.

இனி என்ன கேட்கலாம்?

மலர்வளையம் வைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 35 பேரின் குடும்பங்களுக்கும், பிரம்படியில் வீட்டாரை இழந்தவர்களுக்கும் இன்னொன்றும் பாக்கி இருக்கிறது: அன்றிரவு நடந்தது பற்றிய அரசின் ஆவணங்கள். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, தளபதிகள் ஓய்வுபெற்ற பின் எழுதியதும் உயிர் தப்பியவர்கள் சொன்னதும்தான். தளபதிகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். உளவுத்துறை மேலும் தூதரகத்தின் மேலும் போடுகிறார்கள். சாதாரண வாசகர் யாரை நம்புவது?

போர்கள், ராணுவ நடவடிக்கைகள் பற்றிய ஆவணங்களை ரகசியப் பட்டியலில் இருந்து விடுவிப்பதற்கான கொள்கைக்கு 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. சாதாரணமாக 25 ஆண்டில் ஆவணங்களைத் திறக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கணக்கில் ஆபரேஷன் பவன் ஆவணங்களுக்கு 2012லேயே காலம் ஆகிவிட்டது. எந்தெந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவு: 54ஆம் டிவிஷனின் அக்டோபர் மாதப் போர் நாட்குறிப்பு, மைதானத்தில் இறங்கலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு, வானொலித் தொடர்பு பற்றிய விசாரணை, பிரம்படி பற்றியும் பெரியாஸ்பத்திரி பற்றியும் படைக்குள் எழுதப்பட்ட அறிக்கைகள். அன்று சிப்பாயாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. பிரம்படியில் அன்று சிறு பிள்ளையாக இருந்தவர்கள் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.